குன்று சிறியது என்று கிளம்பிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

அயர்லாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் நம்மவர்கள் விடுமுறை நாளில் கூட்டமில்லாத சிறு குன்றுகளைத் தேடிப் போகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால், உயரத்தை மட்டும் பார்த்து நேரம் கணக்கிடுவதுதான் ஆபத்து.

ஸ்லீவ் புளூம் மலைத்தொடரின் உச்சியான ஆர்டெரினை எடுத்துக்கொள்ளுங்கள். லீஷ், ஆஃபலி மாவட்டங்களின் எல்லையில் இருக்கும் அதன் உயரம் 527 மீட்டர்தான். கிளென்டைன் கணவாய் வரை காரிலேயே போய்விட்டால் மிச்ச ஏற்றமும் கொஞ்சம்தான். ஆனால், நடக்க வேண்டியது பீட் என்ற ஊறிய மண் சதுப்பின் மேல். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் இங்கே 2 அல்லது 3 என்றே கணக்கு வைக்க வேண்டும். டிசம்பரில் மாலை 4 மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும்.

சேறு அடிவாரத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். இந்த மலைகளில் சரிவைவிட மலைமுதுகே அதிக ஈரம். ஸ்பாக்னம் பாசி மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்ததுதான் பீட். அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சரிவில் அது வடியும், தட்டையான முதுகில் வடிய வழியில்லை.

எங்கே கால் வைக்கலாம் என்பதைச் செடிகளே காட்டிக்கொடுக்கும். ஹெதர் புதர் அடர்ந்த மேடு தாங்கும். வெள்ளைப் பஞ்சுக் குஞ்சங்கள் ஆடும் கோரை இருந்தால் கணுக்கால் வரை இறங்கும். பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தையில் மிதிக்கவே கூடாது. முதலில் கைத்தடியால் குத்திப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத் தோட்டங்களின் ஓரத்தில் புல் மூடிய வடிகால் வெட்டுகள் இருக்கும், முழங்கால் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான்.

கால் புதைந்தால் மறு காலை ஊன்றி இழுக்காதீர்கள், அதுவும் புதையும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, புதைந்த காலை மெல்ல ஆட்டுங்கள். சுற்றிலும் தண்ணீர் புகுந்து பிடி தளரும். பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் பூட்ஸும் கூடவே வரும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

மேகம் இறங்கினால் மலைமுதுகில் அடையாளம் எதுவும் தெரியாது. திரும்பும் திசையைத் தெளிவாக இருக்கும்போதே காம்பஸில் பார்த்து வையுங்கள். அவசரமென்றால் 112, மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள்.

இந்த மலைகளில் ஹென் ஹாரியர் பருந்து ஹெதருக்குள் தரையிலேயே கூடு கட்டுகிறது. வசந்தத்திலும் கோடையிலும் பாதையை விட்டு விலகாதீர்கள். ஆடுகளும் மேய்வதால் நாயை அழைத்துப் போக வேண்டாம். சுற்றுலாப் பக்கத்தில் இப்படிப்பட்ட குன்றுகளைப் பற்றி எழுதும்போது, உயரத்தோடு தரை எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

– மலைநடை ஆர்வலர்கள் சிலர், டப்ளின்