தடையைக் காவல் காப்பது யார்? காதல் குற்றமான நாடுகளை எழுதும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். எதிர்காலத்தில் ஒரு நாடு. அங்கே காதலுக்குத் தடை. பதினேழு வயதில் ஒரு பெண், மதிலுக்கு வெளியிலிருந்து வரும் ஒரு பையன். இந்த அச்சில் தமிழில் நீங்கள் எழுதும் டிஸ்டோபியா (கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டும்) கதைகளைத் தேடித்தேடிப் படிக்கிறவள் நான். மேல்நாட்டுச் சரக்கு நமக்கெதற்கு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் கட்சியில் நான் இல்லை. நிறைய எழுதுங்கள். என் குறை வேறு.

உங்கள் நாயகியை எனக்குப் பிடிக்கிறது. பையனையும் சகித்துக்கொள்கிறேன். (எல்லாப் பையன்களுக்கும் ஏன் சாம்பல் நிறக் கண்கள் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.) நம்ப முடியாமல் இருப்பது அந்தத் தடைதான். தலைவர் ஒருவர் திரையில் தோன்றி, இனி காதல் குற்றம் என்கிறார். மறுநாளே ஊர் அடங்கிவிடுகிறது. கறுப்பு உடைக் காவலர்கள், பறக்கும் கேமராக்கள், முடிந்தது. கல்யாணத்துக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள், மனு எந்த மேசைக்குப் போகிறது, காட்டிக்கொடுப்பதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன லாபம் என்று எதுவும் கதையில் இல்லை. நாயகி ஓடுகிறாள், காவலர்கள் துரத்துகிறார்கள்.

இந்த வகையைத் தொடங்கி வைத்தவர்கள் இவ்வளவு மேலோட்டமாக விடவில்லை. ரஷ்யாவின் ஜம்யாத்தின் 1920களின் தொடக்கத்தில் எழுதிய ‘நாங்கள்’ நாவலில் எல்லா வீட்டுச் சுவரும் கண்ணாடி. உடலுறவுக்குரிய நாட்களை அரசே ரத்தப் பரிசோதனை செய்து ஒதுக்குகிறது. அந்த நாளில் இளஞ்சிவப்புச் சீட்டைக் கொடுத்தால்தான் திரையை இறக்கிக்கொள்ளலாம். ஆசைக்கு ரேஷன் கார்டு! அந்த ஒரு சீட்டு, பத்துப் பக்கத் துரத்தலைவிட எனக்கு அதிகம் பயம் தந்தது. 2011இல் வந்த லாரன் ஆலிவரின் ‘டெலிரியம்’ இளையோருக்கான நாவல்தான். அதில் காதல் ஒரு நோய், 18 வயதில் அறுவை சிகிச்சை. அதற்குமுன் ஒரு நேர்காணல் நடக்கிறது, மதிப்பெண் போடுகிறார்கள், அதன்படி வரன் பட்டியல் வருகிறது. நமக்குப் பழகிய வாசனை அடிக்கிறதல்லவா?

உண்மையில் நடந்த தடைகளைக் கொஞ்சம் படியுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1924இல் ஒரு சட்டம் போட்டது: வெள்ளையர் வெள்ளையரைத்தான் மணக்கலாம். அதை ஓயாமல் நடத்திக்காட்டியவர் வால்டர் பிளெக்கர் என்ற டாக்டர். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை வைத்திருந்த அலுவலகத்தின் தலைவர். 1912 முதல் 1946 வரை அதே நாற்காலி. இன்ன குடும்பத்தை வெள்ளையர் என்று பதியாதீர்கள், அவர்கள் பாட்டன் பூட்டன் பதிவு என்னிடம் இருக்கிறது என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். சட்டத்தில் ஒரு சந்தும் வைத்தார்கள். பூர்வகுடி ரத்தம் பதினாறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் வெள்ளையராகவே கணக்கு. மாநிலத்தின் சில பெரிய குடும்பங்கள் போகஹான்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வாரிசுகள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். உங்கள் கற்பனை நாட்டில் இப்படியொரு சந்து யாருக்காகத் திறந்திருக்கிறது? யோசித்துப் பார்த்தால் வில்லன் தானாக உருவாகிவிடுவான்.

அதே வர்ஜீனியாவில் 1958 ஜூலையில், நள்ளிரவு தாண்டி, ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் அதிகாரி) ஒரு வீட்டுக்குள் நுழைந்து மில்ட்ரெட், ரிச்சர்ட் லவிங் தம்பதியைப் படுக்கையறையில் கைதுசெய்தார். அவள் கறுப்பின, பூர்வகுடிக் கலப்பு, அவன் வெள்ளையன். சுவரில் மாட்டியிருந்தது முந்தைய மாதம் வாஷிங்டனில் வாங்கிய திருமணச் சான்றிதழ். இங்கே அது செல்லாது என்றார் ஷெரிஃப். ஓராண்டுச் சிறை, 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் அந்தச் சிறை வேண்டாம் என்பது தீர்ப்பு. பறக்கும் கேமரா எதுவும் அங்கே இல்லை. யாரோ ஒருவர் துப்புக் கொடுத்திருந்தார்.

நம் நாட்டுக்கு வாருங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் சாதி, மதம் கடந்து மணப்பவர்களுக்கு வழி திறந்த நல்ல சட்டம். ஆனால் மணக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். 30 நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். இருவரில் ஒருவருக்கு நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், ஒரு நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். ஓடிவந்த ஊருக்கே தகவல்! யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதிய பிரிவு என்று நான் சொல்லவில்லை. அந்த 30 நாட்களை ஒரு நாவலாக எழுதினால் எப்படியிருக்கும் என்றுதான் கேட்கிறேன். இன்னும் புதிதாக வேண்டுமென்றால் உத்தரகண்ட் இருக்கிறது. அங்கே 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த பொது சிவில் சட்டப்படி, மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் பதிவுசெய்ய வேண்டும். ஒருவருக்கு 21 வயது நிரம்பாவிட்டால் பெற்றோருக்குத் தகவல் போகும். ஒரு மாதத்துக்குமேல் பதியாமல் வாழ்ந்தால் சிறைவரை போகலாம்.

அரசு இல்லாமலேயே தடை நடக்கும் என்பதை நம் பழைய அகப்பாடல்கள் காட்டியிருக்கின்றன. அகநானூற்றின் 122ஆம் பாட்டைப் புரட்டுங்கள், பரணர் பாடியது. தலைவன் இரவில் வரவேண்டும், தலைவி காத்திருக்கிறாள். திருவிழா இல்லாத நாளிலும் ஊர் தூங்குவதில்லை. ஊர் அடங்கினால் கடுஞ்சொல் பேசும் அன்னை தூங்குவதில்லை. அன்னை கண்ணயர்ந்தால் காவலர் சுற்றுகிறார்கள். அவர்கள் ஓய்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் அடங்கினால் நிலா பகல் போல வெளிச்சம் போடுகிறது. நிலா மறைந்தால் கூகை குழறுகிறது, பிறகு சேவல் கூவிவிடுகிறது. இத்தனையும் ஒன்றாக ஓய்ந்த ஒரு நாளும் வருகிறது. அன்றைக்குப் பார்த்து அவன் வரவில்லை. இந்தத் தடையைப் போட்ட அரசன் இல்லை, ஆணை இல்லை. ஒன்று விட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பரணரிடம் இருக்கும் இந்த வலைப்பின்னலை விட்டுவிட்டு நாம் ஏன் முகமூடித் தலைவரையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

முக்கோணக் காதல் பற்றியும் ஒரு சொல். இவனா அவனா என்று இருநூறு பக்கம் தவிக்கும் பெண்ணுக்கு, இருவருமே வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, முடிவு. உங்கள் மூன்றாம் பாகத்தில் தலைவர் வீழ்கிறார், மதில் இடிகிறது, இருவரும் கைகோத்து வெளியே நடக்கிறார்கள். லவிங் தம்பதி வழக்கில் 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அத்தகைய சட்டங்கள் செல்லாது என்றார்கள். ஆனால் அலபாமா மாநிலம் தன் அரசியலமைப்பில் கிடந்த அந்தத் தடை வரியை நீக்கியது 2000ஆம் ஆண்டில், பொது வாக்கெடுப்பு நடத்தி. அப்போதும் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் நீக்க வேண்டாம் என்றார்கள். அவர்களைத் தலைவர் யாரும் மிரட்டவில்லை. நான்காம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால், உங்கள் காதலர்களை அந்த நான்கு பேர் குடியிருக்கும் தெருவில் வாடகைக்கு வீடு தேட விடுங்கள். வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியை நீங்களே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி