மேசைக்கு அடியில் படுத்த பாடகி

அன்புள்ள கயல்,

நீ பாடிய பாட்டு வேறொருவர் குரலில் வந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். தியேட்டரில் உட்கார்ந்துதான் உனக்கே தெரிந்ததாமே. டிராக் பாடினால், அதாவது மாதிரிக்குப் பாடிக் கொடுத்தால், அப்படித்தான் என்று ஊரே உனக்குச் சொல்லியிருக்கும். நான் சொல்லப்போவதில்லை.

பெட்டி லவெட் என்று ஒரு பாடகி, அமெரிக்காவின் டெட்ராய்ட்காரி. சோல் என்ற கறுப்பின மக்களின் இசை வகையைப் பாடுபவர். 1962-ல், 16 வயதில், முதல் பாட்டே ஹிட். பிறகு கம்பெனி மாற்றிக் கம்பெனி; பெரிதாக ஒன்றும் அமையவில்லை. 1972-ல், அந்த முதல் பாட்டை வெளியிட்ட அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் மறுபடி கூப்பிட்டு, அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்ற ஊரில் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தது. விளம்பரப் பயணத்துக்கு ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது: ஆல்பம் வெளியாகாது. ஏன் என்று சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நீயும் இரண்டு நாள் படுத்துக்கொள், தப்பில்லை.

அந்த டேப்பை ஒரு பிரெஞ்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் தேடிப் பிடித்து, 2000-ல் 'சுவனீர்ஸ்' என்று வெளியிட்டார். 28 வருஷம்! திறமை என்றைக்காவது ஜெயிக்கும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த மனிதர் தேடாமல் இருந்திருந்தால்? அவ்வளவு வருஷமும் நஷ்டம்தான், அதைப் பூசி மெழுக வேண்டாம்.

எனக்குப் பிடித்தது, நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை என்பது. டெட்ராய்ட் கிளப்புகளில் சொற்பக் காசுக்குப் பாடினார். 'பப்ளிங் பிரவுன் சுகர்' என்ற இசை நாடகத்தில் சேர்ந்து காலணியால் தாளம் தட்டி ஆடும் 'டேப்' நடனம்கூட ஆடினார். பலதரப்பட்ட பாட்டுகளைக் கற்றார். அதனால்தான் 2005-ல், 59 வயதில், பெண்கள் எழுதிய பாட்டுகளை மட்டுமே எடுத்து ஓர் ஆல்பம் செய்தபோது எல்லாமே அவருடைய பாட்டாக மாறிவிட்டன. 2008-ல் வாஷிங்டனில், கலைஞர்களைக் கௌரவிக்கும் கென்னடி சென்டர் விழாவில், 'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டை அவர்கள் முன்னாலேயே பாடினார். யூடியூபில் இருக்கிறது, அந்தப் பாட்டை எழுதிய பீட் டவுன்ஷெண்டின் முகத்தைக் கவனி. அடுத்த மாதமே ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவிடத்தில் நடந்த கச்சேரியிலும் பாடினார்.

திண்டுக்கல் கல்யாணக் கச்சேரிக்கு வர யோசிக்கிறேன் என்றாயாம். ஒப்புக்கொள். எந்தப் பாட்டைக் கேட்டாலும் பாடு. சம்பளத்தை மட்டும் மேடை ஏறுவதற்கு முன்னாலேயே வாங்கிவிடு.

அப்பா