பருக் கிறீம் அனுப்ப வேண்டாம் மகள்

அன்பு மகளுக்கு,

நீ பார்சல் கட்ட முதல் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இரவு நேரம் கழித்து இருந்து எழுதுகிறேன். நீ வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன அந்த முகப்பருக் கிறீம்களை அனுப்பாதே. அம்மாவின் முகத்தில் இருப்பது பரு இல்லை, நுரையீரல் புற்றுநோய்க்கு எடுக்கிற குளிசையால் வந்த தோல் அழற்சி. பார்க்கப் பரு மாதிரித்தான் இருக்கிறது, சிவந்து தடித்து, நுனியில் சீழ் கட்டினமாதிரி, மூக்கைச் சுற்றி, கன்னத்தில், தலைமயிருக்குள், நெஞ்சில், முதுகின் மேல்பக்கத்தில். ஆனால் பென்சோயில் பெரொக்சைட், ரெட்டினோல் சேர்ந்த கிறீம்கள் இந்தத் தோலை இன்னும் காயவைத்து எரிவைக் கூட்டிவிடும்.

அம்மா வீடியோவை நிறுத்திவிட்டுக் கதைக்கிறது உன்னில் கோபத்தால் இல்லை. உனக்கும் பேத்திக்கும் அந்த முகத்தைக் காட்ட அவளுக்கு மனமில்லை. நான் சொன்னேன் என்று அவளிடம் கேட்டுவிடாதே, அவளாகக் காட்டும்வரை குரலோடு விடு.

ஏன் இப்படி வந்தது என்று கேட்டாய். கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்கிற புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்று பரிசோதனையில் வந்தது உனக்குத் தெரியும். நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில், சிகரெட்டைத் தொட்டே பார்க்காத ஆசியப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறதாம். அதனால்தான் ஊசியில் ஏற்றும் கீமோ இல்லாமல் எர்லோட்டினிப் குளிசை, 150 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. அந்தக் குளிசை கட்டியில் எந்தப் புரதத்தை மறிக்கிறதோ அதே புரதம் தோலிலும் மயிர்க்கால்களிலும் நகத்தடியிலும் இருக்கிறது, தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அது வேண்டும். அங்கே மறிக்கும்போது இங்கேயும் மறிபடுகிறது, தோல் மெலிந்து ஈரம் போய் அழற்சி வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கிவிடும், அம்மாவுக்கும் அப்படித்தான். இது தொற்றுகிற வருத்தமும் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கோயிலில் ஒருத்தி கொப்பளிப்பான் என்று நினைத்து விலகி நின்றதை அம்மா பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வெளிக்கிடவே யோசிக்கிறாள். எனக்கு அதுதான் இந்தப் புண்ணைவிடப் பெரிய நோவாக இருக்கிறது.

நீ கேட்ட மற்றக் கேள்விக்கு வருகிறேன். “இவ்வளவு நோகுதென்றால் குளிசையைக் கொஞ்ச நாளைக்கு நிற்பாட்டினால் என்ன அப்பா?” நாங்களாக நிற்பாட்ட மாட்டோம் பிள்ளை. தேவைப்பட்டால் டொக்டரே சில நாள் இடைவெளி விடுவார், அல்லது 100 மில்லிகிராமுக்குக் குறைப்பார். அதை அவர்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தத் தோலுக்கு மருந்து இருக்கிறது, தோலைப் பார்த்துக்கொண்டே கட்டிக்கு மருந்தைத் தொடரலாம். வெட்கத்திலேயோ “டொக்டருக்கு ஏன் கரைச்சல்” என்றோ சொல்லாமல் பொறுத்துக்கொண்டு கடைசியில் பொறுக்க ஏலாமல் குளிசையையே விட்டுவிடுகிறதுதான் ஆபத்து. அம்மா பொறுத்துக்கொள்கிற ஆள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன்னைப் பெற்றபோதே வாய் திறக்காதவள். அதனால் கிளினிக் நாளில் அவள் “பரவாயில்லை” என்று சொல்ல முதல் நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தாதி மிஸ் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவேன். அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டச் சொன்னாள்.

இப்போது டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும். அன்டிபயோட்டிக் என்றாலும் இங்கே முக்கியமாக அழற்சியைக் குறைக்கத்தான் கொடுக்கிறார்களாம். ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு குடிக்க வேண்டும், குடித்தவுடன் படுக்கக்கூடாது, இல்லாவிட்டால் தொண்டைக்குக் கீழே புண்ணாகும். பாலோடு எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, அதனால் அம்மாவின் காலைப் பால்தேத்தண்ணியைத் தள்ளி வைத்திருக்கிறோம். எர்லோட்டினிப்பை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, அல்லது இரண்டு மணித்தியாலம் பிந்தி. இதெல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டுக் காலைச் சாப்பாட்டு நேரமே மாறிப்போய்விட்டது. நெஞ்செரிவுக் குளிசையும் கண்டபாட்டுக்குப் போடக்கூடாது, சிலது இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். அதனால் நீ சொன்ன மூலிகைக் குளிசை, விற்றமின் எதையும் டொக்டரைக் கேட்காமல் அனுப்பாதே.

இரவில்தான் நான் கிறீம் பூசிவிடுகிறேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மேலைக் கழுவி, துவாயால் துடைக்காமல் ஒற்றி, ஈரம் காய முதல் வாசனையில்லாத கிறீம். முகத்துக்கு டொக்டர் எழுதிய ஒரு வீத ஹைட்ரோகோர்ட்டிசோன், மெல்லிசாக. தலையில் மயிரைக் கோடு கோடாகப் பிரித்து லோஷன் விட வேண்டும். விரல் பட்டவுடன் தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும், ஆனால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒருநாள் கேட்டதற்கு, அடுப்புக்குக் கிட்ட முகத்தை வைத்திருக்கிற மாதிரி என்றாள். நெற்றியில் ஒட்டுப்பொட்டு வைக்க முடியவில்லை, பிசின் தோலை உரிக்கிறது. திருநீறும் எரிகிறது. அது அவளுக்கு மெத்தக் கவலை.

இப்போது விரல்நுனிகளில் வெடிப்பு. தேசிக்காய் பிழியவோ சம்பலுக்கு மிளகாய் தொடவோ முடியாது, சமையல் என்னுடைய கையில். கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கியிருக்கிறது, போர்வை பட்டாலும் நோகும். நகத்தடிப் புண் இப்படிப் பிந்தித்தான் வருமாம். மிஸ் சொன்னபடி உப்புத் தண்ணீரில் காலை வைத்து எடுக்கிறோம், அகலமான செருப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் கன்னத்துச் சிவப்பு முன்னைக்கு இப்போது குறைவு. உண்மையாகத்தான் சொல்கிறேன், உன்னைத் தேற்றுவதற்கு இல்லை. மேல்வீட்டு அக்கா “தோலில் வந்தால் மருந்து வேலை செய்யுது என்று அர்த்தமாம்” என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனா. அதைக் கேட்டு அம்மாவின் முகம் தெளிந்தது. டொக்டரைக் கேட்டேன். இப்படித் தோலில் வந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததாக ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள், ஆனால் அதை வைத்து உறுதி சொல்ல முடியாது, தோலில் வராதவர்களுக்கும் மருந்து வேலை செய்யும், ஸ்கான்தான் சொல்லும் என்றார். நான் அம்மாவுக்கு முதல் பாதியை மட்டும்தான் சொன்னேன்.

காய்ச்சல் வந்தால், புண்ணில் மஞ்சளாக நீர் வடிந்தால், தோல் உரிந்து கொப்புளித்தால், கண் சிவந்து நொந்தால், வயிற்றோட்டம் நிற்காவிட்டால், மூச்சு முட்டினால் உடனே கொண்டுபோவேன். அடுத்த கிளினிக் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்கமாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

அனுப்புவதென்றால் இதை அனுப்பு: யூரியா சேர்ந்த, வாசனையில்லாத கிறீம் (கைகாலுக்கு மட்டும், வெடித்த இடத்தில் பூசினால் எரியும்), எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அதுவும் சிங்க் ஒக்சைட் உள்ளதாக, அற்ககோல் இல்லாததாக. டொக்சிசைக்ளின் எடுத்தால் வெயில் இன்னும் சுடும், காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரமே போதும் முகம் சிவக்க. மெல்லிய பருத்திக் கையுறை நாலைந்து சோடி, இரவில் கிறீம் பூசிப் போட்டுக்கொள்ள. அகலமான விளிம்பு வைத்த தொப்பி ஒன்று, நிறம் அம்மாவுக்குப் பிடித்ததாகப் பார்.

நீ வரப்போவதாகச் சொன்னாய். டிக்கெட் போட முதல் எனக்குச் சொல், ஸ்கானுக்குத் திகதி இந்தக் கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு கேட்கப் போகும் நாளில் நீ பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அன்புடன்,
அப்பா
வெள்ளவத்தை