ஓரங்கள் கறுப்பாகவே இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு மவுசு திரும்பியிருப்பது பற்றிய தங்கள் கட்டுரை, அகலத்திரைக்கு மாற்றிய பதிப்புகளைப் பாராட்டியிருந்தது. அதை ஏற்க இயலவில்லை. அத்தொடர்கள் 4:3 (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) சட்டகத்துக்காக எடுக்கப்பட்டவை. அந்தப் படத்தை இன்றைய 16:9 அகலத்திரை முழுக்க நிரப்பினால், மேலும் கீழுமாக உயரத்தில் கால்பங்கு வெட்டுப்படும். 35 மி.மீ. பிலிமில் எடுத்த ‘சைன்ஃபெல்டு’ போன்றவற்றில் பக்கவாட்டில் சிறிது கூடுதல் படம் கிடைப்பது உண்மைதான். ஆனால் இழப்பு அதைவிடப் பெரிது: 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பதிப்பில், சாலைப் பள்ளத்தை மையமாகக் கொண்ட அத்தியாயத்தில் அந்தப் பள்ளமே சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது! ‘ஆல் இன் த ஃபேமிலி’ போல வீடியோ நாடாவில் பதிவானவற்றுக்குப் அந்தக் கூடுதல் பக்கவாட்டுப் படம் என்பதே கிடையாது. படத்தில் கண்ணுக்குத் தெரியும் 480 கிடைமட்ட வரிகளில் 360ஐ மட்டும் எடுத்து 1080 வரிகளுக்கு இழுத்தால், முகங்கள் மாவு பூசியது போல மங்கும்.

‘சிம்ப்சன்ஸ்’ தொடருக்கு ரசிகர்கள் கேட்டதன்பேரில் டிஸ்னி பிளஸ் 2020இல் மூல அளவையும் தேர்ந்தெடுக்கும் வசதி தந்தது. எல்லாப் பழைய தொடர்களுக்கும் அது வேண்டும். பார்ப்பவர்களும் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் ‘ஜூம்’, ‘வைடு’ இரண்டையும் நீக்கி 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ வைக்க வேண்டும். 1920 புள்ளி (பிக்சல்) அகலத் திரையில் இருபுறமும் 240 புள்ளிகள் கறுப்பாகத் தெரிந்தால் அமைப்பு சரி. அது பழுதல்ல.