மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகளின் தலைக்கவசம்: பெற்றோருக்கான அறிவித்தல்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

கடந்த திங்கட்கிழமை காலை பாடசாலை வாசலில், தந்தையின் தலைக்கவசத்தை அணிந்து வந்த ஒரு சிறுமி, அது கண்களை மறைத்துச் சரிந்ததால் ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே இறங்கியதைக் கண்டேன். நாடிப்பட்டி பூட்டப்படாமல் தொங்கியது. விழும்போது இப்படியான தலைக்கவசம் தலையில் நிற்காது.

தலைக்கவசம் உயிரிழப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நகரிலேயே உள்ள உவர்மலை வரைதானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்; மான்களும் கட்டாக்காலி மாடுகளும் நகருக்குள்ளேயே திடீரெனக் குறுக்கே வருவதை நாம் அறிவோம்.

இது தொடர்பாக வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9.00 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூடுவோம்.

1. பிள்ளையை அழைத்து வருவதுடன், அவர் அணியும் தலைக்கவசத்தையும் கொண்டு வாருங்கள்.
2. பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை, வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளேயுள்ள ரெஜிபோம் என்னும் கெட்டியான நுரைப்பொருள் நசுங்கியே அதிர்ச்சியைத் தாங்குகிறது, நசுங்கியது மீண்டும் பழைய நிலைக்கு வராது.
3. ஓட்டுபவர் சப்பாத்தும் முழுக்கைச் சட்டையும் அணிய வேண்டும்.

சிறுவர் அளவுத் தலைக்கவசங்களை ஒன்றாக வாங்கினால் விலை குறையும் என்பதால், பிள்ளையின் வகுப்பையும் புதியது தேவையா என்பதையும் வெள்ளிக்கிழமை இரவு 8.00 மணிக்குள் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒருங்கிணைப்பாளர்,
பெற்றோர் குழு, திருகோணமலை