நீ அனுப்பிய வாடகைக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கீழத்தெரு அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் மீட்டிங் என்கிறாய். அதனால் எழுதிவிடுகிறேன்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆபீஸில் மாற்றல் தருகிறார்கள் என்று சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே நான்கையும் வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ் என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறாய். நேர்த்தியான வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நம் வீட்டு மளிகைக் கணக்கை நீதானே எழுதினாய், உன் தம்பிக்கு அந்தப் பொறுமை வரவே இல்லை. ஆனால் 'ஆட்கள்' என்ற கட்டத்தில் நான்கு ஊருக்கும் 1 என்று போட்டிருக்கிறாய். கை தவறி விழுந்திருக்குமோ என்று விரலால் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். சரி, கணக்குக்கு வருகிறேன்.

பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள். 25,000 வாடகை என்றால் அதுவே ஒன்றேகால், ஒன்றரை லட்சம். காலி பண்ணும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். 2024 கோடையில் அங்கே தண்ணீருக்குப் பட்ட பாடு தெரியுமல்லவா? காவிரி இணைப்பு இருக்கிறதா, லாரித் தண்ணீரா என்று கேட்காமல் சரி என்று சொல்லாதே. ஹைதராபாத்தில் அட்வான்ஸ் இரண்டு மூன்று மாதத்தோடு முடிந்துவிடும், ஆனால் அவசரத்துக்கு ஓடிவர அங்கே நமக்கு யாரும் இல்லை. புனேயும் நீ இப்போது இருக்கும் மும்பை மாதிரி மகாராஷ்டிரம்தான், பதினோரு மாத ஒப்பந்தம் உனக்குத் தெரிந்ததே.

சென்னைக்கு 2017-இல் போட்ட வாடகைச் சட்டம் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வாசகமும் அதில் உண்டு. வீட்டுக்காரர் நீட்டும் ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று எழுதி நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் நிற்கும். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே. அப்புறம் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் என்றால் தரைத்தளம் வேண்டாம். 2015 டிசம்பரில் சித்தி வீட்டில் நடந்ததை நீயே பார்த்தாய்.

எந்த ஊரானாலும் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது எத்தனை பேர் என்றுதான். இரண்டாவது, உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று. அதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று ராத்திரியெல்லாம் யோசனையாக இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

கடைசி வரியில் 'வாங்குவதானால்?' என்று கேட்டிருந்தாய். 60 லட்சம் விலை என்று வைத்துக்கொள். அந்த விலைக்கு வங்கி 80 சதவீதம்தான் கொடுக்கும், அதாவது 48 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 41,650 ரூபாய், கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய ஒரு கோடி. மீதி 12 லட்சம் உன் கையிலிருந்து. பத்திரச் செலவு அதற்கு மேல். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். தெலங்கானாவில் எல்லாம் சேர்த்து 7.5 சதவீதம், நாலரை லட்சம். கர்நாடகத்தில் 2025-இல் பதிவுக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள், அங்கும் மொத்தம் ஏழு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மகாராஷ்டிரத்தில் பெண் பெயரில் மட்டும் வாங்கினால் முத்திரைத் தீர்வையில் ஒரு சதவீதம் குறைவு. ஆண் பெயரும் சேர்ந்தால் அது கிடையாது. மாப்பிள்ளை பெயரைச் சேர்ப்பதா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்னைக் குடும்பம் வருமானத்தில் கால்வாசியும், மும்பைக் குடும்பம் பாதியும் வீட்டுத் தவணைக்குக் கொடுக்கிறது என்று நைட் ஃபிராங்க் என்ற வீட்டுமனை ஆலோசனை நிறுவனம் 2024-க்குப் போட்ட கணக்கு சொல்கிறது. அது குடும்பத்தின் வருமானம் பாப்பா, ஒருத்தியின் சம்பளம் இல்லை. உன் ஒரு சம்பளத்தில் உன்னால் முடியாது என்று சொல்ல வரவில்லை. உன்னால் முடியும். ஆனால் இவ்வளவு பெரிய கணக்கை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாக உட்கார்ந்து போட்டிருக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை.

நீங்கள் மும்பை முலுண்டில் வாங்கிய வீட்டுக்கு உன் நகையும் பி.எஃப். பணமும் போயிருக்கின்றன. பத்திரத்தில் உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது, இரண்டாவது என்றாலும் உரிமை உரிமைதான். இந்தச் சமயத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. உன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்றோ, பேங்க் ஃபார்மாலிட்டி என்றோ யார் நீட்டினாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொன்ன பிறகு போடு. இத்தனை வருஷம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன், அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அந்தத் தாளில் ஏதோ இருக்கிறது. கையெழுத்து மட்டும் போடாதே.

இன்னொன்று. நம் வீட்டு மாடிப் போர்ஷன் பங்குனியிலிருந்து காலியாக இருக்கிறது. கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அதை உன் பெயருக்கு செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுதலாம் என்று இருக்கிறேன். உன் தம்பியிடம் பேசிவிட்டேன், அவனுக்கு முழுச் சம்மதம். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், அது 10,000-க்கு மேல் போகாது. நீ கும்பகோணத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக இல்லை. எந்த ஊருக்கு மாற்றல் வாங்கினாலும், எந்த வீட்டுக்காரன் என்ன கேள்வி கேட்டாலும், உன் பெயரில் பத்திரம் உள்ள வீடு ஒன்று இருக்க வேண்டும்.

ஆதார், பான் இரண்டின் நகலும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டும் கூரியரில் அனுப்பு. பதிவன்று நீயும் வந்துவிடு, டிக்கெட்டை நான் போடுகிறேன். இரண்டு பேராக வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா