உங்கள் கடையின் தேடல் பெட்டி மாறுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பகுதிகளில் மளிகை, பூஜைப் பொருள், நாட்டு மருந்துக் கடை நடத்தும் உங்களுக்கு, பில் போடவும் சரக்குக் கணக்கு வைக்கவும் எங்கள் மென்பொருளைத் தந்து வருகிறோம். கொஞ்ச நாளாக உங்களில் பலர் ஒரே குறையைச் சொல்கிறீர்கள். "சரக்கு கண் முன்னால் அலமாரியில் இருக்கிறது. போனில் ஆர்டர் போடுகிறவர் தேடினால் இல்லை என்று வருகிறது." இந்தக் குறை நியாயமானது. சரிசெய்ய ஒரு புதிய தேடுபொறியை வைக்கிறோம். அது என்ன, எப்படி வேலை செய்கிறது, உங்களிடமிருந்து எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை விவரமாகவே எழுதிவிடுகிறோம். ஏனென்றால், இதில் பாதி வேலையை உங்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

இதுவரை இருந்த தேடல், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்கள் 'வெண்ணெய்' என்று பதிந்திருப்பீர்கள். வாங்குகிறவர் 'வெண்ணை' என்று அடிப்பார். இரண்டும் ஒன்று என்று நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. அதோடு, ஒவ்வொரு முறையும் முதல் பொருளிலிருந்து கடைசிப் பொருள் வரை புரட்டிப் பார்க்கும். சரக்கு கூடக் கூட வேகமும் குறைந்தது.

புதிதாக வைப்பதன் பெயர் எலாஸ்டிக்சர்ச். இதன் அடித்தளம் லூசீன். டக் கட்டிங் என்பவர் 1999-இல் எழுதிய தேடல் நூலகம் அது, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல். ஷே பானன் என்பவர் அதன் மேல் கட்டி 2010-இல் எலாஸ்டிக்சர்சை வெளியிட்டார். அவருடைய மனைவி லண்டனில் சமையல் கலை படித்துக்கொண்டிருந்த காலத்தில், சமையல் குறிப்புகளைத் தேட ஒரு கருவி செய்து கொடுக்கப் போய் இந்த வழியில் இறங்கினார். அடுப்படிக்காகத் தொடங்கிய ஒன்று மளிகைக் கடைக்கு வந்து சேர்வதில் எங்களுக்குத் தனி சந்தோஷம்.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள, பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் இருக்கும் சொல்லடைவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல், அதன் எதிரே அது வரும் பக்க எண்கள். தேடுபொறியும் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு பொருளையும் ஒரு ஆவணமாக வாங்கிக்கொள்ளும். பெயர், விளக்கம், பிராண்டு, விலை, எடை என்று அதில் தனித்தனிப் புலங்கள் இருக்கும். பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து, எந்தச் சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று முன்கூட்டியே அடைவு போட்டு வைக்கும். 'பருப்பு' என்று யாராவது தேடினால் கடை முழுவதையும் புரட்டாது. அடைவில் 'பருப்பு' என்ற இடத்துக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் பொருள்களை எடுத்துக் கொடுக்கும்.

எடுத்ததை எந்த வரிசையில் காட்டுவது? இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம், எங்கும் வரும் சொல்லுக்குக் குறைவு. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1972-இல் முன்வைத்த கருத்து இது. இன்றைக்கும் இந்தக் கணக்கின் உயிர் அதுதான். ஒருவர் 'மைசூர் பருப்பு' என்று தேடினால், பருப்பு பத்து இருபது பொருளில் வரும், மைசூர் நான்கைந்தில்தான் வரும். இரண்டு சொல்லும் உள்ள மைசூர் பருப்பு முதலில் வந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பொறியை அப்படியே விட்டால், அடுத்த இடத்தில் துவரம் பருப்புக்கு முன்னால் மைசூர் பாக்கும் மைசூர் சாண்டல் சோப்பும் வந்து நிற்கும். அதனால் தேடிய எல்லாச் சொல்லும் இருந்தால்தான் காட்ட வேண்டும் என்று அமைத்திருக்கிறோம். அப்படி ஒன்றுமே கிடைக்காவிட்டால் மட்டும் கட்டுப்பாடு தளரும்.

இங்கே ஒரு வேண்டுகோள். சில கடைகளில் பொருள் மேலே வரட்டும் என்று 'நெய் பசு நெய் சுத்தமான நெய்' என்று பதிகிறார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் கிடைக்கும் மதிப்பு சீக்கிரமே நின்றுவிடும். பெயர் நீளமாகிப் போவதால் மதிப்பு குறையவும் செய்யும். 'பசு நெய்' என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

அப்புறம் எழுத்துப்பிழை. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்தைத் திருத்த வேண்டும் என்று இந்தப் பொறியால் எண்ணிப் பார்க்க முடியும். நீளமான சொல்லானாலும் இரண்டு திருத்தம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதை அது உடைத்து எண்ணும். 'ணெ' என்பதில் ண ஒன்று, கொம்பு ஒன்று. 'ய்' என்பதில் ய ஒன்று, புள்ளி ஒன்று. வெண்ணெய் என்பதை வெண்ணை ஆக்க, கொம்பை மாற்ற வேண்டும், ய-வை எடுக்க வேண்டும், புள்ளியையும் எடுக்க வேண்டும். மூன்று திருத்தம் ஆகிவிட்டது, வரம்பு தாண்டிவிட்டது. எண்ணெய்க்கும் எண்ணைக்கும் இதே கதைதான். தினமும் ஆயிரம் பேர் எழுதும் பிழை, ஆனால் இயந்திரத்தின் கண்ணுக்கு அவை வேறு வேறு சொற்கள்.

இதைவிட நுணுக்கமானது ஒன்று. 'பால்' என்று அடிக்கத் தொடங்கினால் பால்கோவா வருகிறது, பாலாடைக்கட்டி வரவில்லை. ஏன் என்று முதலில் எங்களுக்கும் பிடிபடவில்லை. புள்ளிதான் காரணம். பால்கோவாவில் ல-வுக்குப் பிறகு புள்ளி இருக்கிறது. பாலாடையில் அந்த இடத்தில் கால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அடித்த சொல்லின் கடைசியில் புள்ளி இருந்தால், அதை விட்டும் ஒருமுறை பார்க்கும்படி இப்போது செய்துவிட்டோம்.

எழுத்தைக் கணினி சேமிக்கும் முறையிலும் குழப்பம் உண்டு. 'கொத்தமல்லி'யில் உள்ள 'கொ'வை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஐசியூ என்ற துணைநிரலைப் போட்டு இதை ஒரே வடிவமாக்கிவிட்டோம். ஆனால் ஒளவையார் என்று 'ஒ'வும் 'ள'வும் அடித்து எழுதுகிறார்களே, அது அந்த வடிகட்டியில் மாட்டாது. சரியான 'ஔ' வேறு எழுத்து. அதற்கு நாங்களே தனியாக ஒரு விதி எழுத வேண்டியிருந்தது. இன்னும் பாமினி எழுத்துருவில் பழைய பட்டியல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லுங்கள். அதில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழே இருக்காது. மாற்றித் தருவது எங்கள் பொறுப்பு, அதற்குக் கட்டணம் கிடையாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறோம். நம் ஊரில் ஒரே பொருளை நான்கு மொழியில் கேட்பார்கள். துவரம் பருப்பைக் கன்னடத்தில் தொகரி பேளே என்பார்கள், இந்திக்காரர் தூர் தால் என்பார். வெல்லம் பெல்ல ஆகும், சீரகம் ஜீரிகே ஆகும். கற்பூரத்தைச் சிலர் சூடம் என்றே கேட்பார்கள். இவை எதையும் பொறி தானாகக் கற்றுக்கொள்ளாது. ஒருபொருட்சொல் பட்டியல் என்று ஒன்று நாம் எழுதித் தர வேண்டும். 'இந்தச் சொல் வந்தால் அந்தச் சொல்லாகவும் எடுத்துக்கொள்' என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். வெண்ணெய், வெண்ணை போன்ற பிழைகளும் இந்தப் பட்டியலில்தான் வரும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களுக்கும் இதே வழிதான்.

பட்டியலைக் கண்மூடி எழுதிவிடவும் முடியாது. சோதனை ஓட்டத்தில் ஒரு கடையில் பெருங்காயம் தேடினோம். கடலை மாவு, இட்லிப் பொடி, ரவை எல்லாம் வரிசையாக வந்தன. பார்த்தால், பெருங்காயத்துக்குக் கன்னடத்தில் 'இங்கு' என்று பெயர், அதைப் பட்டியலில் சேர்த்திருந்தோம். அந்தக் கடைக்காரர் தன் பொருள்களின் விளக்கத்தில் 'இங்கு அரைத்தது', 'இங்கு வறுத்தது' என்று அழகாக எழுதி வைத்திருந்தார். பொறிக்கு எல்லா 'இங்கு'ம் ஒன்றுதான். இப்போது ஒருபொருட்சொற்களைப் பெயர்ப் புலத்தில் மட்டும் பார்க்கச் செய்திருக்கிறோம், விளக்கத்தில் பார்க்காது. இப்படி ஒரு சிக்கல் வரும் என்று உட்கார்ந்த இடத்தில் எங்களால் யோசித்திருக்கவே முடியாது. அதனால்தான் உங்கள் உதவி வேண்டும் என்கிறோம்.

எங்கள் பக்கம் நடந்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் கடையின் சரக்கை ஏற்றியபோது, எந்தப் புலம் எண், எந்தப் புலம் எழுத்து என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்லாவிட்டால், முதலில் வருவதைப் பார்த்துப் பொறியே முடிவு செய்துகொள்ளும். முதல் பொருளின் எடை வெறும் 500 என்று எண்ணாகப் போயிற்று. சரி, எடை என்றால் எண் என்று அது முடிவு கட்டிவிட்டது. பிறகு '250 கிராம்' என்றும் 'ஒரு கட்டு' என்றும் வந்தவற்றை ஏற்க மறுத்துவிட்டது. மொத்தமாக ஏற்றும்போது, பொறி ஏற்றுக்கொண்டவை உள்ளே போய்விடும், மறுத்தவை பதிலில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிலை நாங்கள் படிக்கவில்லை. இரண்டு நாள் அந்தக் கடையின் பல பொருள்கள் தேடலில் இல்லாமல் போயின. கீரைக் கட்டுகள் அத்தனையும் அதில் சேர்த்தி. அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். ஒருமுறை முடிவான புலத்தின் வகையை அப்படியே மாற்ற முடியாது. புதிய அடைவு உண்டாக்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். இப்போது ஒவ்வொரு புலத்தின் வகையையும் முதலிலேயே எழுதிவிடுகிறோம், ஏற்றிய பிறகு எண்ணிக்கையைப் பில் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

உங்கள் கணக்கு என்ன ஆகும் என்ற கவலை வேண்டாம். பில், இருப்பு, கடன் பாக்கி எல்லாம் பழைய தரவுத்தளத்திலேயே இருக்கும். தேடுபொறியில் ஒரு ஆவணத்தைத் திருத்தினால் அது பழையதை நீக்கியதாகக் குறித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதுகிறது. மாற்றம் தேடலில் தெரியவும் ஒரு நொடி போலப் பிடிக்கும். நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும் கல்லாக் கணக்கை அதில் வைப்பது சரியில்லை. தேடலுக்கு வேண்டிய பிரதி மட்டும் அங்கே போகும். அது கெட்டுப்போனாலும் பில் கணக்கிலிருந்து மறுபடி நிரப்பிவிடலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த இப்படிப்பட்ட சர்வர்களை 2017 ஜனவரியில் யார் யாரோ புகுந்து அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். 2022-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து கடவுச்சொல்லும் மறைகுறியாக்கமும் தொடக்கத்திலேயே போடப்பட்டு வருகின்றன. அதற்கு மேல், எங்கள் பொறிக்குத் தேடல் கேள்விகள் வந்து சேரும் 9200 என்ற எண்ணுள்ள வாசலை (போர்ட்) வெளி இணையத்துக்குத் திறக்கவே இல்லை. உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும் அதற்குள் போகாது. மென்பொருளுக்கென்று நீங்கள் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

உங்கள் திரையின் மூலையில் ஒரு நிற விளக்கு தெரியும். மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே கணினியில் ஓடுவதால் இரண்டாவது பிரதி வைக்க இடமில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம். சிவப்பானால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள், இரவானாலும் பரவாயில்லை.

அடுத்த திங்கள்கிழமை முதல் ஒவ்வொரு கடையாக வருகிறோம். அதற்குள் ஒரு சின்ன நோட்டைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். யாராவது ஒரு பொருளை நீங்கள் எழுதி வைத்திருக்கும் பெயரில் கேட்காமல் வேறு பெயரில் கேட்டால், அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம். கடைப் பையன்களிடமும் சொல்லி வையுங்கள், வந்தவர் வாயில் என்ன வந்தது என்று அவர்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் இரண்டு நோட்டாகவே வைத்துக்கொள்ளலாம். வந்ததும் முதல் வேலையாக அந்த நோட்டைத்தான் வாங்கிக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு மென்பொருள் குழுவினர்
அல்சூர், பெங்களூரு